ஏசுசாமிக்குக் கொடுத்த பாடு

கர்த்தருக்குள் அன்பானவர்களே, எனக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை. சண்டை போட்டுத்தான் பழக்கம். இங்கே வந்திருக்கிற எங்கள் தீவுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் இயேசு என் வீட்டுக்குச் செய்ததை இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்லாமல் இருக்க முடியாது. ஏன் இன்றைக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் ஞானாயி. ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன் பச்சையம்மாள். ஏரிக்கு நடுவே பசியாவரத்தில் எங்கள் வீடு. அடுத்த வீடு என் வீட்டுக்காரருடைய தம்பி ஏழுமலையின் வீடு. ஏழுமலையின் பெண்சாதி அஞ்சலை எனக்கு ஓரகத்தி. இந்தச் சாட்சியில் அவள் பெயர் அடிக்கடி வரும். வராமல் சொல்ல எவ்வளவோ முயன்று பார்த்தேன், முடியவில்லை.

நெசவுத் தெருவிலிருந்தும் கோட்டை வேலையிலிருந்தும் வந்திருக்கிறவர்களுக்கு எங்கள் ஏரி வழக்கம் தெரியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நினைத்தவன் நினைத்த இடத்தில் எங்கள் ஏரியில் வலை கட்ட முடியாது. மீன் வருகிற இடங்களை ஊரார் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் பாடு என்று பெயர். கரியால் குறி போட்ட கிளிஞ்சல்களைக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். கைக்கு எந்தக் கிளிஞ்சல் வருகிறதோ, அடுத்த குலுக்கல் வரைக்கும் அந்த இடம் அவன் பாடு. கடலும் ஏரியும் கலக்கிற இடம் முகத்துவாரப் பாடு. இறாலும் கொடுவாவும் அங்கே வந்து விழும். தெற்கு ஓரத்தில் சேற்றுப் பாடு. அங்கே இறங்கினால் முழங்கால் வரை சேறு, கொஞ்சம் நண்டு, மற்றபடி நாற்றம்தான்.

அஞ்சலையின் புருஷன் குடத்தில் கையை விட்டால் முகத்துவாரம் வரும். என் புருஷன் விட்டால் சேறு வரும். எப்போதாவது ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வருஷக்கணக்காக இதே கதை. அவள் வாசலில் இறால் காயும். என் வாசலில் சேற்று வலை காயும். காற்று அவள் வீட்டிலிருந்து என் வீட்டுப் பக்கம்தான் அடிக்கும்.

அது மட்டும் என்றாலும் சரி. உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர் கோட்டையில் இருக்கிற வைத்தியர் வீட்டுச் சமையலுக்கு மீன் கொண்டுபோவதும் அவள்தான். வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற சிப்பாய் நாங்கள் கிட்டே போனாலே விரட்டுவான். அஞ்சலையின் கூடையைப் பார்த்தால் மட்டும் ஒதுங்கி வழி விடுவான். அவள் திரும்பி வந்து, உள்ளே கண்ணாடி வைத்த ஜன்னல் இருக்கிறது, கிளி இருக்கிறது என்று ஊற்றடியில் உட்கார்ந்து கதை சொல்வாள். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். வந்து கதவோரமாக நின்று கேட்பேன்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் தெரியாத்தனமாக, "அஞ்சல வெக்கிற கொழம்புல ஒரு வாசன இருக்குது" என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க அவருக்குக் கஞ்சியும் உப்பும்தான். பாவம், மனிதர் அதையும் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

இப்படி இருக்கும்போதுதான் எங்களுக்கு அந்தக் கஷ்டம் வந்தது. கோட்டையில் பழைய துரை போய்ப் புதுத் துரை வந்த வருஷம், கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட நேரம். சேற்றுப் பாட்டில் வலைக்கழி நட இறங்கின என் வீட்டுக்காரரைத் திருக்கை குத்திவிட்டது. சேற்றுக்குள் படுத்திருந்த மீனை அவர் பார்க்கவில்லை. வால் முள் பாதத்தில் ஏறி ஒடிந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மஞ்சளும் பச்சிலையும் அரைத்துக் கட்டினேன். கால் வீங்கியது. வீக்கம் முழங்கால் வரை ஏறியது. பாதம் கறுத்தது. அனலாய்க் காய்ந்தது. என்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டார். அவருடைய அம்மா செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

நான் எங்கள் சாமிகள் எல்லாவற்றுக்கும் நேர்ந்துகொண்டேன். பச்சிலை கொடுத்த நாட்டு வைத்தியர் கடைசியில் என் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போனார். அப்போதும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "முகத்துவாரம் எங்க கைக்கு வந்திருந்தா இவர திருக்க குத்தியிருக்குமா?" என்றுதான் அழுதேன். அஞ்சலை கஞ்சி கொண்டுவந்தாள். நான் வாங்கவில்லை. எங்கள் கெடுதியைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் தெற்கேயிருந்து உபதேசியார் தோணியில் வந்தார். வயதில் சின்னவர். ஏரித் தண்ணீரில் வந்ததற்கே குமட்டி, கரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சைக் கேட்க எனக்கு ஆசை இல்லை. அஞ்சலை போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவளுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். கர்த்தர் என்னை அந்தக் கயிற்றைப் போட்டே இழுத்தார்.

உபதேசியார் சிலுவையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அவருடைய தமிழ் வேறு, எங்கள் தமிழ் வேறு. அப்போது ஒரு வார்த்தை சொன்னார். "உங்கள் பாடுகளையெல்லாம் இயேசு தாமே ஏற்றுக்கொண்டார்" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் பாட்டை ஏற்றுக்கொள்வது என்றால் விளையாட்டு இல்லை. ஒரு ஆண்பிள்ளை படுத்துவிட்டால், அவன் பெண்சாதி ஊரார் முன்னால் வந்து, வலையின் மிதப்புக் கட்டையை இன்னொருவன் கையில் வைத்து, "எங்க பாட்ட ஒப்புக்குடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மீன் அவனுக்கு. ஆனால் சீக்காளி எழுந்திருக்கும் வரை அந்த வீட்டின் சோறும் மருந்தும் அவன் பொறுப்பு. பாட்டை வாங்கியவன் வீட்டையும் வாங்க வேண்டும். இதில் தவறியவனை ஊர் ஏரியில் இறங்க விடாது.

அதனால் நான் நடுவிலேயே கேட்டேன். "ஏத்துக்கினாருன்னா, அந்த வூட்டு மனுசாளையும் அவருதானே பாத்துக்கணும்?"

"ஆமாம் அம்மா. அவர்தான் பார்த்துக்கொள்வார்" என்றார் உபதேசியார்.

"சீக்காளியா இருந்தா?"

"அப்போதும் அவர்தான்."

அவருக்கு எங்கள் பாடு தெரியாது. எனக்கு அவருடைய பாடு தெரியாது. தெற்கத்திப் பேச்சில் பாடு என்றால் வேதனை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்டதை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்துக் குலுக்கல் வந்தது. என் வீட்டுக்காரர் படுத்திருந்ததால் அவர் பெயருக்கு ஊர்த்தலைவரான நாட்டாரே குடத்தில் கையை விட்டார். வெளியே எடுத்தது முகத்துவாரக் கிளிஞ்சல்.

அன்பானவர்களே, நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் ஏங்கியது, அவர் எழுந்திருக்க முடியாத நேரத்தில் வருகிறது. வழக்கப்படி நான் அதை அவருடைய கூடப்பிறந்தவன் கையில் கொடுக்க வேண்டும். கூடப்பிறந்தவன் ஏழுமலை. அதாவது என் வீட்டுக்கு வந்த முகத்துவாரத்தை நானே என் கையால் அஞ்சலை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

நாட்டார், "இன்னாம்மா, கட்டைய உன் கொழுந்தன் கைல குடு" என்றார். ஏழுமலை கையை நீட்டிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் அஞ்சலை நின்றாள். நான் கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"எங்க பாட்ட ஏசுசாமிக்கு ஒப்புக்குடுக்கிறேன்" என்று சொன்னேன்.

ஊரே திரும்பிப் பார்த்தது. நாட்டார் காதைச் சொறிந்தார். "யாரு அது? எந்தக் குப்பம்?"

"உபதேசியாரு சொன்னாரே, அவரு. பாட்ட ஏத்துக்கினாராம்."

"வல கட்ட ஆளு வருமா? விடியறதுக்குள்ள வரலன்னா பாடு ஊருக்குப் பூடும். அப்புறம் என்னாண்ட வந்து பேஜாரு பண்ணக் கூடாது."

"வருவாரு" என்றேன்.

அதை விசுவாசம் என்று நீங்கள் நினைத்தால் நான் பொய் சொன்னவள் ஆவேன். பாதிக்கு மேல் அது வயிற்றெரிச்சல். அஞ்சலைக்குப் போவதைவிடக் கண்ணால் காணாத சாமிக்குப் போகட்டும் என்றுதான் கொடுத்தேன். கட்டையை யார் கையில் வைப்பது என்று தெரியவில்லை. கரையில் தோணி கட்டுகிற முளையில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் காலடியில் உட்கார்ந்து வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெபம் பண்ணினேன். "ஏசுசாமி, உன் பேர சொல்லி எல்லார் முன்னாடியும் குடுத்துட்டேன். வாங்கிக்கினா வாங்கிக்கினதுதான். இவர நீதான் பாக்கணும். என்னால முடியல" என்று சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் வயிற்றெரிச்சல் இல்லை. அதைச் சொன்ன பிறகு நான் அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது.

விடிகிற நேரத்தில் கரைக்கு ஓடினேன். முளையில் கட்டையைக் காணோம். தூரத்தில் முகத்துவாரப் பக்கம் ஒரு தோணி போய்க்கொண்டிருந்தது. அது ஏழுமலையின் தோணி.

எனக்கு வந்த கோபத்துக்கு ஏரியில் குதித்து நீந்திப் போயிருப்பேன். திருடிவிட்டான் என்று கத்தினேன். அஞ்சலையின் வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றினேன். வெயில் ஏறுவதற்குள் ஏழுமலை திரும்பி வந்தான். தோணி தாழ்ந்து வந்தது. நேராக என் வாசலில் மீனைக் கொட்டினான். மேலே ஒரு கொடுவா, பிள்ளை நீளத்துக்கு இருந்தது.

"அண்ணி, ஏசுசாமிக்கு ஆளு வேணும்ல. வேற யாரும் வரல. அதான் அவரு ஆளா நான் போனேன்" என்றான். "மீனு எனக்கு வேணாம். அவரு பாடு, அவரு மீனு."

நான் அஞ்சலையின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை மீனும் என் வாசலில் கிடக்கிறதே, ஒரு துளி பொறாமையாவது இருக்காதா என்று தேடினேன். இல்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் அந்தக் கொடுவாவை எடுத்துத் தன் கூடையில் வைத்தாள். "அக்கா, இத்த வைத்தியரு வூட்டுக்குக் கொண்டும் போலாம். மாமாவையும் தோணில படுக்க வெச்சு இட்டும் போலாம். உள்ள போய் நான் கேக்கறேன்" என்றாள்.

"நானும் உள்ள வருவேன்."

"வாசல்ல என்னையும் என் கூடைக்காரியையும் மட்டும்தான் உடுவாங்க." கொஞ்சம் தயங்கினாள். "நீ கூடையத் தூக்கிக்கினா வரலாம்."

அவள் அதைக் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்குக் குத்தியது. அந்தக் கோட்டை வாசலுக்குள் போக வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். போகிற நாளில் அஞ்சலையின் கூடைக்காரியாகப் போக வேண்டும். தோணியில் என் வீட்டுக்காரரின் தலை என் மடியில் இருந்தது. அவர் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கோட்டைக் கரையில் அவரை ஏழுமலையிடம் விட்டுவிட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டேன். மீன் தண்ணீர் நெற்றியில் வழிந்தது. அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். சிப்பாய் அவளுக்கு வழி விட்டான், என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாசலைத் தாண்டும்போதுதான் நான் உண்மையாக ஒப்புக்கொடுத்தேன். "ஏசுவே, பாட்ட குடுத்தேன். என் வீறாப்பையும் எடுத்துக்கோ. யாரு கையால குடுத்தாலும் வாங்கிக்கிறேன்" என்று உள்ளுக்குள் சொன்னேன். கூடையின் கனம் குறையவில்லை. ஆனால் வருஷக்கணக்காக நெஞ்சில் இருந்த ஒரு கனம் இறங்கியது. அது எனக்குத் தெரிந்தது.

சமையல்கட்டில் அஞ்சலை மீனுக்கு விலை வாங்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள். வைத்தியர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். அவள் சொன்னதைச் சமையல்காரர் அவருடைய பாஷையில் எடுத்துச் சொன்னார். "இது இயேசுவுக்குக் கொடுத்த பாட்டில் விழுந்த மீனாம். அவர் பொறுப்பில் ஒரு சீக்காளி வெளியே தோணியில் கிடக்கிறானாம்." வைத்தியர் இரண்டு தடவை கேட்டார். முதலில் சிரிக்கப் போனார். பிறகு சிரிக்கவில்லை. தன் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

கோட்டைக் கரையில், தோணியின் பலகை மேலேயே வைத்துக் காலைக் கீறினார். ஏழுமலை தோளைப் பிடித்தான். அஞ்சலை காலைப் பிடித்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு இயேசுவின் பேரைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. பாதத்துக்குள் ஆழத்தில் முள்ளின் முனை ஒடிந்து தங்கியிருந்தது. அதை எடுத்துச் சாராயம் ஊற்றிக் கழுவினார். கறுப்புச் சீழ் இறங்கியது. அதன் பிறகு மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு தடவையும் கூடையை நான் தூக்கினேன். உள்ளே இருந்த கிளியையும் பார்த்தேன். அவள் சொன்ன அளவுக்கு ஒன்றும் அழகில்லை.

காய்ச்சல் விட்ட அன்று என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து, "குலுக்கல் ஆச்சா? முகத்துவாரம் யாருக்கு?" என்று கேட்டார்.

"ஏசுசாமிக்கு" என்றேன். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் விட்டார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறார். ஆனால் நடக்கிறார். அதோ, ஆண்கள் பக்கம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறவர்தான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உபதேசியார் அடுத்த தடவை வந்தபோது நடந்ததைச் சொன்னேன். பாடு என்றால் வேதனை, சிலுவையில் அவர் பட்ட வேதனை என்று அப்போதுதான் எனக்கு விளக்கினார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தேன். "நீ கேட்டது தப்பில்லை அம்மா. அவர் வீட்டையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொண்டார்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் சிலுவை எனக்குப் புரிந்தது. எங்கள் சேற்றுப் பாட்டை அவர் எடுத்துக்கொண்டார். அவருடைய முகத்துவாரத்தை எங்களுக்குக் கொடுத்தார்.

இரண்டு குடும்பமும் சேர்ந்து ஞானஸ்நானம் வாங்கினோம். கரையில் அஞ்சலை என்னைவிட முன்னால் நின்றதால் அவளைத்தான் பாதிரி ஐயர் முதலில் கூப்பிட்டார். எனக்குச் சுருக்கென்றது. தண்ணீருக்குள் இறங்குகிற வரைக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. கர்த்தர் ஒரே நாளில் என்னை மாற்றிவிட்டார் என்று சொல்லமாட்டேன். அவள் குழம்பை யாராவது மெச்சினால் இன்றைக்கும் என் காது சூடாகும். முன்பெல்லாம் அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் எரிவேன். இப்போது உடனே அவரிடம் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன். பிறகு ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்க் குழம்பு கேட்கிறேன்.

இன்றைக்கு ஏன் சாட்சி சொல்ல எழுந்தேன் என்று இப்போது சொல்கிறேன். ஏழுமலை படுத்திருக்கிறான். குளிர் காய்ச்சல், விட்டு விட்டு அடிக்கிறது. கண் மஞ்சளாகிவிட்டது. அஞ்சலையை இன்று இங்கே நீங்கள் பார்க்காததற்குக் காரணம் அதுதான். இன்று காலையில் நடந்த குலுக்கலில் அவன் பெயருக்கு முகத்துவாரம் வந்தது. அஞ்சலை கட்டையை எடுத்துக்கொண்டு ஊரார் முன்னால் வந்தாள். என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எங்க பாட்ட ஏசுசாமிக்கு ஒப்புக்குடுக்கிறேன், அக்கா" என்றாள்.

கட்டையைக் கொண்டுபோய் அதே முளையில் மாட்டினாள். நாட்டார் இந்தத் தடவை எந்தக் குப்பம் என்று கேட்கவில்லை.

அன்பானவர்களே, ஏழுமலைக்காக எல்லோரும் மன்றாடுங்கள். உங்களில் யாருக்காவது தூக்க முடியாத பாடு இருந்தால் அதையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். என்னைப் போல அரை மனதோடு கொடுத்தாலும் அவர் வாங்கிக்கொள்கிறார். ஆனால் எந்த ஆளை அனுப்புவார் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பிடிக்காத ஆளாகத்தான் இருக்கும்.

நாளை விடிகாலையில் என் வீட்டுக்காரர் அந்த நொண்டிக் காலோடு முகத்துவாரத்துக்குப் போகிறார். மீன் முழுவதும் அஞ்சலை வாசலுக்குப் போகும். பெரிய கொடுவா விழுந்தால் கூடையை நான் தூக்குவேன். எனக்கு வயிறு எரியவில்லை. சரி, கொஞ்சம் எரிகிறது. அதையும் இப்போதே ஒப்புக்கொடுத்துவிடுகிறேன். ஆமென்.